தாளம் போன பக்கம்

கண்டி நகரத்தை வீரய்யா கண்ணால் அறிந்ததைவிடக் காதால் அறிந்ததுதான் அதிகம். மாநகர சபையின் தண்ணீர்ப் பகுதியில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தார். தரைக்கடியில் போகும் குழாய் எங்கே கசிகிறது என்று கேட்டுச் சொல்வதுதான் அந்த வேலை. ஒரு முனையில் மரக்குமிழ் பொருத்திய நீண்ட இரும்புக் கம்பி ஒன்று அவரிடம் இருந்தது. விடியற்காலையில் பஸ்கள் ஓடத் தொடங்குமுன் வீதியோரத்தில் அதை ஊன்றுவார். குமிழை வலது காதில் வைத்து, இடது காதை விரலால் அடைத்து, கண்ணை மூடி நிற்பார். கூட வந்த ஆட்கள் செருப்பைக்கூடத் தேய்க்கமாட்டார்கள்.

அடியில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். நல்ல குழாயில் அது வாயை மூடிக்கொண்டு பாடுகிறவரைப்போல ஒரே சுருதியில் முனகும். கசிகிற இடத்தில் பல்லிடுக்கால் காற்றுப் போவதுபோல ஒரு சீறல் கேட்கும். அந்தச் சீறல் எந்தப் பக்கம் கனக்கிறதோ அந்தப் பக்கமாக நாலடி, நாலடியாக நகர்வார். கடந்து போனபிறகு மறுபக்கமிருந்தும் ஒருதரம் கேட்பார். இரண்டு பக்கமும் ஒத்துவந்த இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போடுவார். அங்கே தோண்டினால் தண்ணீர் இருக்கும். வீட்டுக்காரர்கள்தான் சுலபத்தில் நம்பமாட்டார்கள். கசிவு பக்கத்து வளவில்தான் என்று அடித்துச் சொல்வார்கள். அவர்களோடு அவர் வாதாடியதில்லை. மண்வெட்டிக்காரனைப் பார்த்துத் தலையை அசைப்பார், அவ்வளவுதான்.

குளத்தின்மேல் மூடுபனி கிடக்கும் காலைகளில் தலதா மாளிகையின் மேளச் சத்தம் தரை வழியாகவே கம்பியில் ஏறி வரும். அப்படி நிற்கும்போது தூக்கமும் விழிப்பும் கலந்த ஒரு நிலை அவருக்கு வந்துவிடும். நகரத்துக்குக் கீழே இன்னொரு நகரம் மல்லாந்து படுத்திருப்பதாகவும், அதன் தெருக்களில் தண்ணீர் மட்டுமே நடமாடுவதாகவும் தோன்றும். ஒரு நாள் இதை மனைவி இரத்தினம்மாவிடம் சொன்னார். வெறும் வயிற்றோடு போனால் அப்படித்தான் இருக்கும் என்றாள் அவள். மறுநாளிலிருந்து பிளாஸ்கில் பால் தேநீரும் இரண்டு ரொட்டியும் கட்டிக் கொடுத்தாள். அதற்குப் பிறகும் அந்த நகரம் அவருக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

ஸ்டீரியோ செட் அவரிடம் வந்ததும் அந்தக் காதால்தான். பேராதனை வீதியில் ஒரு பல் டொக்டரின் வீட்டுச் சுவர் இரண்டு வருடமாக ஈரம் காயாமல் இருந்தது. பலர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். வீரய்யா அரை மணி நேரம் கேட்டுவிட்டு, குளியலறைப் படிக்குக் கீழே வட்டம் போட்டார். டொக்டர் அதை மறக்கவில்லை. பிறகு வீட்டை விற்று, வெளிநாட்டில் இருந்த மகனிடம் குடிபோகிற சமயம் ஆளனுப்பி அவரை வரச்சொன்னார். கேட்கத் தெரிந்த ஆளிடம் இது இருக்கட்டும் என்று சொல்லி, செட்டை லொறியில் ஏற்றி அனுப்பினார்.

வெள்ளி முகமுள்ள ஜப்பான் அம்ப்ளிபயர், மூடி வைத்த ரெக்கோட் பிளேயர், இடுப்பளவு உயரத்தில் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள். அம்ப்ளிபயரின் முகத்தில் தேன் நிறத்தில் விளக்கெரியும் இரண்டு ஊசி மீட்டர்கள். அம்பிட்டியச் சரிவில் இருந்த அவர்களுடைய சின்ன வீட்டில் இவற்றை வைத்தபிறகு நடப்பதற்கு ஒற்றையடிப் பாதைதான் மிஞ்சியது. இரத்தினம்மா சாப்பாட்டு மேசையைக் குசினிக்குள் நகர்த்தினாள்.

கூட வந்த பெட்டியில் பெரும்பாலும் பியானோ இசைத்தட்டுகள். ஒன்று மட்டும் நாதஸ்வரம். உறை கிழிந்து, வாசித்தவர்களின் பெயர் இல்லாமல் போயிருந்தது. அதைத்தான் வீரய்யா இருபது வருடத்துக்கு மேலாகக் கேட்டார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, மலையிலிருந்து மழை இறங்கி வரும் நேரத்தில், சாய்வுக் கதிரையை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே போட்டுக்கொண்டு கண்ணை மூடுவார். வாசிப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்காருவார்கள். நாதஸ்வரக்காரர் வலப்பக்கம் அலுமாரி ஓரமாக. தவில்காரர் இடப்பக்கம் வாசற்கதவோடு. தாளம் போடுகிறவர் இன்னும் இடப்பக்கம் தள்ளி, சுவரையும் தாண்டி, வெளியே கொய்யா மரத்தடியில். அந்தச் சின்ன ‘ச்சிங்’ அங்கிருந்துதான் வரும். மழைக்குள் உட்கார்ந்து நனையாமல் ஒருவர் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். ஸ்பீக்கருக்கு வெளியே எப்படிச் சத்தம் வருகிறது என்று வீரய்யா ஆராயப் போனதில்லை. அந்த ஆள் அங்கே இருப்பது அவருக்குப் போதுமாக இருந்தது.

நாடு முழுக்க மின்சாரம் போய்ப் போய் வந்த வருடத்தில் செட்டை மாதக்கணக்காகத் தொடவில்லை. திடீரென்று கரண்ட் வந்தால் எரிந்துவிடுமோ என்ற பயம். எல்லாம் ஓய்ந்து, ஒரு நாள் பிற்பகல் தட்டைப் போட்டுக் கண்ணை மூடினார். நாதஸ்வரக்காரர் வந்தார். தவில்காரர் எங்கோ கதவுக்குப் பின்னால் போர்வைக்குள் இருந்து வாசிப்பதுபோல் இருந்தது. கொய்யா மரத்தடியில் ஒருவருமில்லை.

மின்வெட்டுத்தான் இடப்பக்கத்தைக் கெடுத்துவிட்டது என்று அன்றே முடிவு கட்டினார்.

டவுனில் இரண்டு கடைகளில் விசாரித்தார். ஒரு கடையில் இந்தக் காலத்தில் இதற்குப் பாகம் கிடையாது என்றார்கள். மற்றதில், திருத்துவதைவிட எங்களுக்கே தந்துவிடுங்கள் என்றார்கள். சந்தைக்குப் பக்கத்தில் பழைய இசைத்தட்டு விற்கிறவர்தான், கெலிஓயாவில் றம்லத் என்று ஒருவர் இருக்கிறார், இந்த மாதிரிச் சாமான்களைத் தொட்டால் அவர்தான் தொடவேண்டும் என்று முகவரி எழுதிக் கொடுத்தார். அம்ப்ளிபயரைப் படுக்கை விரிப்பில் சுற்றி, கம்பளை பஸ்ஸில் ஏறி, பிள்ளையை வைத்துக்கொள்வதுபோல மடியில் வைத்துக்கொண்டு போனார்.

பிரதான வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கையில், வீட்டோடு ஒட்டிய அறை. கதவு திறந்திருந்தது. உள்ளே நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தலையில் முக்காடும் மூக்கின் நுனியில் கண்ணாடியுமாக, சோல்டர் கம்பியைத் தாங்கியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். வீரய்யா, திருத்துகிற ஆள், றம்லத்தின் புருஷன், இல்லையா என்று கேட்டார்.

“நான்தான் றம்லத். உள்ளுக்கு வாங்க ஐயா.”

அதில் கோபம் இல்லை. அந்தக் கேள்வி அவளுக்குப் பழக்கம் என்பது மட்டும் தெரிந்தது. தொழில்நுட்பக் கல்லூரியில் ரேடியோ வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண்பிள்ளையாம். படித்து முடித்து, டவுனில் ஒரு கம்பனியின் திருத்துகிற பகுதியில் பன்னிரண்டு வருடம் இருந்தாளாம். தாய்க்குச் சுகமில்லாமல் போனபோது வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே மேசை போட்டுக்கொண்டாளாம். கேட்டதற்கு இவ்வளவையும் திருகாணி கழற்றிக்கொண்டே சொன்னாள். மூடியைக் கழற்றியதும் பேச்சு நின்றது. டோர்ச்சை அடித்து, குனிந்து, ஒரு பிள்ளையின் தொண்டையைப் பார்ப்பதுபோல நெடுநேரம் பார்த்தாள். தொடவேயில்லை. வீரய்யாவுக்கு அப்போதே அவளைப் பிடித்துப்போயிற்று.

“என்ன வருத்தம் எண்டு சொல்லுங்க.”

“இடது பக்கம் போயிருச்சும்மா. தவில் அமுங்கிக் கெடக்கு. தாளம் சுத்தமா இல்ல.”

எந்தத் தாளம் என்று அவள் கேட்டாள். வீரய்யா இசைத்தட்டைப் பற்றிச் சொன்னார். தயங்கித் தயங்கி, கொய்யா மரத்தடி ஆளைப் பற்றியும் சொன்னார். றம்லத் சிரிக்கவில்லை. ஒரு துண்டுக் கடதாசியில் ‘தாளம் – இடது – வெளியே’ என்று எழுதி அம்ப்ளிபயரின்மேல் ஒட்டினாள்.

பத்து நாள் கழித்துப் போனபோது, பழுதான பாகங்களைத் தனியே ஒரு தட்டில் வைத்திருந்தாள். வயிறு ஊதிய இரண்டு கெபாசிட்டர், உள்ளே கறுத்துப்போன ஒரு ரிலே, ஈயம் விட்டுப்போன மூன்று இடங்களை எடுத்த படம். குமிழ்களையெல்லாம் கழுவி, திருப்பும்போது வந்த கரகரப்பை எடுத்திருந்தாள். மீட்டர் விளக்கில் ஒன்று அவிந்திருந்தது, அதையும் ஏற்றியிருந்தாள். இரண்டு ஊசிகளும் ஒரே நேரம் எழுந்து ஒரே நேரம் விழுவதைக் காட்டினாள். திரும்பி வரும்போது வீரய்யா பஸ்ஸில் சுற்றின விரிப்பை இரண்டு தரம் விலக்கிப் பார்த்தார்.

வீட்டில் தட்டைப் போட்டார். இரைச்சல் போயிருந்தது. நாதஸ்வரம் முன்பைவிடத் துலக்கமாக, சீவாளி உதட்டில் படுவது தெரியுமளவுக்கு வந்தது. ஆனால் தவில் போர்வைக்குள்தான் இருந்தது. கொய்யா மரத்தடியில் மழை பெய்தது.

இரண்டாம் தரம் கொண்டுபோனார். றம்லத் முகம் சுளிக்கவில்லை. ஒரு கிழமை கழித்து அவர் போனபோது, அதைத் தினமும் தன் மேசையில் வைத்துக் காலையிலிருந்து மாலைவரை ஓடவிட்டதாகச் சொன்னாள். அவருடைய இசைத்தட்டையும் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். அன்றைக்கு அறையில் வேறு இரண்டு பேரும் தங்கள் சாமான்களோடு காத்திருந்தார்கள். வீரய்யாவை நடுவில் உட்காரவைத்துத் தட்டைப் போட்டாள். இடது கம்மிதான் என்றார் அவர். அவள் அவரையே சற்று நேரம் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“நான் ஒருக்கா ஒங்கட ஊட்டுக்கு வந்து பாக்குறன் ஐயா. ஸ்பீக்கரும் வயரும் அங்கதானே இரிக்கி.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல் ஓட்டோவில் வந்தாள். அம்பிட்டிய ஏற்றத்தில் வண்டி நின்றுவிட, கடைசித் தூரத்தை அம்ப்ளிபயரையும் இசைத்தட்டையும் தூக்கிக்கொண்டு அவளும் ஓட்டோக்காரரும் நடந்தே வந்தார்கள். இரத்தினம்மா கதவைப் பிடித்தபடி வரவேற்றாள். றம்லத் ஸ்பீக்கரின் துணியைக் கழற்றி, கூம்பை விரல் நுனியால் அழுத்தி, வயரை அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தாள். மீட்டர் முள்ளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். எல்லாவற்றையும் பொருத்திய பிறகு ஒரு விசித்திரமான காரியம் சொன்னாள்.

“கதிரையத் திருப்பிப் போடுங்க ஐயா. ஸ்பீக்கருக்கு முதுகக் காட்டி இருங்க. நான் சொல்லும் மட்டும் திரும்ப வேணாம்.”

வீரய்யா நாட்காட்டி தொங்கிய சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ஊசி தட்டில் இறங்கும் சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் சுருதி. பிறகு தவில், கனமாக, தோலின் ஒவ்வொரு அடியும் நெஞ்சில் விழும்படி வந்தது. பிறகு, வெகு தூரத்தில், வலப்பக்கச் சுவரையும் தாண்டி, ‘ச்சிங்.’

அவருடைய முகம் மலர்ந்தது. வந்துவிட்டார் என்று சொல்லக் கையை உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே நின்றது. நாதஸ்வரம் எங்கே? இருந்தது. அவருடைய இடப்பக்கத்தில், ஒரு போர்வைக்குள் இருந்தது.

கண்ணைத் திறந்தார். எழுந்து கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நாதஸ்வரம் எழும்பியது, தாளம் போயிற்று. மறுபடி எழுந்து, திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். தாளம் வந்தது, நாதஸ்வரம் போயிற்று. மூன்றாம் தரமும் செய்தார். இரண்டு பெண்களும் அசையாமல் நின்றார்கள். எத்தனையோ வீதிகளில் அவர் இப்படித்தான் முதலில் ஒரு பக்கமும் பிறகு மறு பக்கமும் நின்று கேட்டிருந்தார். அதற்குப்பிறகு வட்டம் போடவேண்டியதுதான். அதை இன்னொருவர் வந்து அவருக்குச் சொல்லவேண்டியதில்லை.

“மெஷின்ல இல்ல” என்றார்.

“இல்ல ஐயா” என்றாள் றம்லத்.

இரத்தினம்மா குசினிக்குப் போய் பால் விடாத மூன்று பிளேன்டியும் ஒரு தட்டில் கித்துள் கருப்பட்டியும் கொண்டுவந்தாள். வீரய்யா தன் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறொருவருடையதுபோல.

“முப்பத்து நாலு வருஷம் விரலால அடைச்ச காதும்மா இது. இப்ப அதுவா அடைச்சுக்கிச்சு.”

முதல் நாளே தனக்குச் சந்தேகம் வந்ததாகவும், இரண்டாம் தரம் வந்தபோது தெளிவாகிவிட்டதாகவும் றம்லத் சொன்னாள். ஆட்கள் நிறைந்திருந்த இடத்தில் வைத்து அதைச் சொல்ல மனம் வரவில்லையாம். பிளேன்டியைக் குடித்துவிட்டு எழுந்தாள். போகும்போது அம்ப்ளிபயரை ஒரு தரம் கையால் தடவினாள்.

அன்று பின்னேரம் குசினி மேசையில் இடியப்பம் வைத்தார்கள். வீரய்யா இரத்தினம்மாவையே பார்த்தார். அவள் அவருடைய வலப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கலியாணமான நாளிலிருந்து இடப்பக்கத்தில், குசினிக் கதவோடு உட்காருவதுதான் அவள் வழக்கம். படுக்கையிலும் அவள் சுவரோரம் மாறிப் படுத்தது எப்போது என்று யோசித்தார். கோவிலுக்கு நடக்கும்போது அவள் எந்தப் பக்கம் வருகிறாள் என்றும் யோசித்தார்.

“நீ எப்ப இந்தப் பக்கம் வந்த?”

“கரண்ட் போய்ப் போய் வந்த நாள்லயே.”

“சொல்லியிருக்கலாமே இரத்தினம்.”

அவள் சொதியை அவருடைய தட்டில் ஊற்றினாள். சொல்லிப் பார்த்ததாகவும், இடப்பக்கம் நின்று சொன்னபடியால் அவர் கேட்கவில்லை என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பு அடங்கி, தட்டைப் பார்த்தபடி,

“நீங்க பெட்டியத் தூக்கிக்கிட்டு கெலிஓயா போனீங்கல்ல, அப்ப மெஷின்லதான் இருக்கணும்னு கும்பிட்டுக்கிட்டே இருந்தேன்” என்றாள்.

பெரியாஸ்பத்திரியின் காதுப் பகுதிக்கு இரண்டு பேரும் போனார்கள். வீரய்யாவை ஒரு சின்னப் பெட்டியறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அந்த அறைக்குள் இருந்த அமைதி அவருக்குப் பிடித்தது. வலது காதில் மின்மினி வெளிச்சம்போலச் சின்னச் சின்னச் சத்தங்கள் வந்து போயின. இடது காதில் நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. அவர் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, மூடுபனிக்குள் ஆள் வருவாரா என்று பார்ப்பவர்போலக் காத்திருந்தார். டொக்டரம்மா நிதானமாக விளக்கினார். விரலால் அடைத்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நரம்பு தளர்ந்துவிட்டது, போனது திரும்பாது, கருவி மாட்டினால் பேச்சு ஓரளவு விளங்கும். கருவியும் வந்தது. வீதி கடக்க அது உதவியது. வீட்டில் தட்டைப் போட்டுக் கேட்டபோது, கொய்யா மரத்தடியில் யாரோ தகர டப்பாவைத் தட்டுவதுபோல் இருந்தது. அவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு, செட்டின்மேல் துணியைப் போட்டு மூடினார்.

ஒரு மாதம் அப்படியே கிடந்தது. மழை வரும், அவர் முன் வாசலில் நின்று அதைப் பார்ப்பார். கொழும்பில் வேலை செய்யும் மகள் சஞ்சீவனி, பேரீச்சம்பழப் பெட்டி அளவில் ஒரு ஸ்பீக்கர் வாங்கி அனுப்புவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றார். பிறகு ஒரு நாள் அம்ப்ளிபயரை மறுபடி விரிப்பில் சுற்றிக்கொண்டு கம்பளை பஸ்ஸில் ஏறினார். றம்லத்தின் மேசையில் அதை வைத்து, இது உங்களிடமே இருக்கட்டும், ஸ்பீக்கரையும் பிளேயரையும் பிறகு அனுப்புகிறேன், இரண்டு காதுள்ள யாருக்காவது கொடுங்கள் என்றார்.

றம்லத் விரிப்பைப் பிரித்தாள். வயரைக் கொளுவினாள். தன்னிடமிருந்த பிளேயரில், தன்னுடைய தட்டு ஒன்றைப் போட்டாள். இரண்டு வீணைகள் மாறி மாறி வாசிக்கிற தட்டு அது. ஒன்று வலதில் துலக்கமாக வந்தது, மற்றது இடதில் மங்கியது. அம்ப்ளிபயரின் முகத்தில், வொலியூம் குமிழுக்குக் கீழே, நகத்தளவில் ஒரு வெள்ளி விசை இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் அதைத் துடைத்தாரே தவிர, வீரய்யா ஒருநாளும் அழுத்தியதில்லை. தெரியாத பொத்தானை அழுத்தினால் ஏதாவது ஆகிவிடும் என்று டொக்டர் வீட்டிலிருந்து வந்த நாளிலேயே நினைத்துவிட்டார். றம்லத் அதைக் கீழே தள்ளினாள்.

இரண்டு வீணையும் எழுந்து வந்து அவர் முன்னால் உட்கார்ந்தன.

“இது ரெண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒண்டாக்கி, ரெண்டு ஸ்பீக்கருக்கும் அனுப்பும். மோனோ எண்டு சொல்லுற. நான் போட்டதில்ல, செஞ்சவங்களே வெச்சது. அண்டைக்கி ஊட்டுல வெச்சே காட்டியிருப்பன். நீங்க அப்ப கேக்குற நெலமயில இல்ல.”

வீரய்யா விசையைத் தானே மேலே தள்ளினார், கீழே தள்ளினார். பிள்ளையார் கோவிலில் இரண்டு தீபத்துக்கும் நடுவே நிற்பவர்போல இரண்டையும் பார்த்தார்.

“அப்ப ஆளுங்க எல்லாம் ஒரே எடத்துல வந்து நிப்பாங்களேம்மா.”

“நிப்பாங்க. நெருக்கி நிப்பாங்க. ஆனா எல்லாரும் வருவாங்க.”

அந்தப் பழைய காலத்துத் தட்டுகளில் பக்கமே கிடையாது என்றும், தன் உம்மாவின் வாலிபத்தில் எல்லோரும் ஒரே பெட்டியிலிருந்துதான் பாட்டுக் கேட்டார்கள் என்றும், அவர்களில் யாரும் குறையென்று சொன்னதில்லை என்றும் அவள் சொன்னாள். வீரய்யா தலையை அசைத்தார். அம்ப்ளிபயரை விரிப்பில் சுற்றத் தொடங்கினார். சுற்றி முடித்தபிறகுதான், அதைக் கொடுத்துவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. றம்லத் அடுத்த சாமானின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

இப்போது பிற்பகல்களில் அவர்கள் எல்லோரும் அம்பிட்டிய வீட்டின் நடு அறையில், கதிரைக்கு எதிரே, ஒரு பாயில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து வாசிக்கிறார்கள். முதலில் சில நாள் வீரய்யாவுக்கு அது கல்யாண வீட்டுக் கூட்டம்போல மூச்சு முட்டியது. பிறகு பழகிவிட்டது. அவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, தவில்காரர் சில இடங்களில் நாதஸ்வரக்காரருக்கு வழிவிட்டுத் தன் அடியை மெல்லக் குறைத்துக்கொள்வது தெரிந்தது. இடையில் அறை அகலம் இருந்த காலத்தில் அவர் அதைக் கவனித்ததில்லை.

இன்னொரு மாற்றமும் வந்தது. அது எப்படித் தொடங்கியது என்று இருவருக்கும் சரியாக ஞாபகமில்லை. ஒரு நாள் இரத்தினம்மா அரிசி புடைத்துக்கொண்டே அறைக்கு வந்தவள், நின்றாள். அவ்வளவு காலமும் அந்த இசைத்தட்டு அவளுக்குக் குசினியில் இருந்து கேட்கும் ஒரு சத்தம் மட்டும்தான். வீரய்யா விசையை மேலே தள்ளி, சத்தத்தை மறுபடி இரண்டு பக்கமாகப் பிரித்துவிட்டு, தன் கதிரையில் அவளை உட்காரவைத்து, யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். அவள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமலே, கையால் காட்டினாள். இவர் இங்கே, அவர் அங்கே. அதற்குப்பிறகு அது வழக்கமாயிற்று. ஒரு பக்கம் அவருக்காக, மறுபக்கம் அவளுக்காக என்று தட்டைத் திருப்பிப் போடுவார்கள். அவளுடைய முறை வரும்போது விசை மேலே போகும். அவர் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, பாதியைக் கேட்டு, மீதியை அவளுடைய முகத்தில் பார்ப்பார்.

சென்ற வாரம் மழை கனத்துப் பெய்த ஒரு பிற்பகல். நீளமான ஆலாபனை ஓடிக்கொண்டிருந்தது. இரத்தினம்மா நெற்றியைச் சுருக்கினாள்.

“அந்த ஆள் மூச்சு எடுக்குறாரு” என்றாள்.

வீரய்யா முக்காலியை நகர்த்தி, நல்ல காதை ஸ்பீக்கருக்குக் கிட்டக் கொண்டுபோனார். இருபது வருடத்துக்கு மேல், இரண்டு காதும் சரியாக இருந்த காலத்திலும், அந்தத் தட்டில் ஒரு மனிதன் மூச்சு எடுப்பதை அவர் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. மழை பெரிதாக இருந்தது. எங்கே, எப்போது என்று கேட்டார்.

“பேசாம இருங்க. வரும்போது சொல்றேன்.”

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு சுற்றியது. தேன் நிற வெளிச்சத்தில் முட்கள் எழுந்து எழுந்து விழுந்தன. நாதஸ்வரம் ஏறி, மேலே ஓரிடத்தில் நின்று, மெல்ல இறங்கி வந்தது. அது தரையைத் தொடுமுன், இரத்தினம்மா தன் சுட்டுவிரலைச் சற்றே உயர்த்தினாள்.